பென்சிலில் போட்ட இரண்டு எழுத்து

கார்வின் ஹேடிக்ஸ் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதற்கு நீங்கள் காரணமில்லை. கொஞ்சம் அவன் காரணம். மிச்சத்துக்கெல்லாம் நான்தான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

என் பெயர் ஆர்லீன். முப்பத்தெட்டு வருடம் நியூயார்க் நாடக அரங்குகளில் ஸ்டேஜ் மேனேஜராக இருந்தேன். நடிகர்கள் நேரத்துக்கு வந்தார்களா, விளக்கு நேரத்துக்கு எரிந்ததா, திரை நேரத்துக்கு ஏறியதா என்று பார்க்கிற வேலை. இதற்குக் கைதட்டல் கிடையாது. திட்டு மட்டும் தவறாமல் வரும். நானும் திட்டுவதில் குறை வைத்ததில்லை. என் முதுகுக்குப் பின்னால் என்னை என்னவென்று கூப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத முடியாது.

கார்வின் எங்களிடம் வந்தபோது அவனுக்கு இருபத்தேழு வயது. முதல் நாள் என்னிடம் வந்து, "குட் மார்னிங் மேடம்," என்றான்.

"மேடம் எல்லாம் உங்க ஊர்ல வெச்சுக்கோ. இங்க நான் ஆர்லீன்."

"சரி மேடம்," என்றான். அப்புறம் காது சிவந்துவிட்டது. கழுத்து நீளமாக, முழங்கைகளை எங்கே வைப்பது என்று தெரியாத ஒரு பையன். மேடை ஏறினால் மட்டும் அந்தக் கைகள் தானாகவே ஒழுங்காகிவிடும். அதை நான் பிறகுதான் பார்த்தேன்.

ஓஹியோவில், டொலீடோவுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் பிறந்தவன். அப்பா வெண்டல், பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்க்கிற மெக்கானிக். இவனுக்கு ஆறு வயதாகும்போது அம்மா வேறொருவரோடு அரிசோனாவுக்குப் போய்விட்டாள். அதைப் பற்றி அப்பாவும் பிள்ளையும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை என்று ஒருநாள் சாண்ட்விச் தின்றுகொண்டே சொன்னான். "வேற எதப் பத்தியும்கூட அதிகமா பேசிக்கிட்டதில்ல," என்றும் சேர்த்துக்கொண்டான்.

பதினைந்து வயதில் பள்ளி நாடகத்தில் திரை இழுக்கிற வேலை பார்த்திருக்கிறான். கதாநாயகனாக நடிக்க வேண்டிய பையன் நாடகத்துக்கு முந்தின நாள் ஃபுட்பால் ஆடி முட்டியை உடைத்துக்கொண்டான். டீச்சர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். யாருக்காவது வசனம் தெரியுமா என்று கேட்டபோது, திரைக் கயிற்றைப் பிடித்தபடியே இவன் இன்னொரு கையைத் தூக்கியிருக்கிறான். கதாநாயகன் வசனம் மட்டுமில்லை, எல்லோருடைய வசனமும் தெரியும். மறுநாள் நடித்தான். ஊரே எழுந்து நின்று கைதட்டியது. அப்பா மட்டும் வரவில்லை. விளையாட்டுக்குப் போன பேருந்து ஒன்று நெடுஞ்சாலையில் நின்றுபோனதால் அதைச் சரிசெய்யப் போயிருந்தார்.

அந்த ஒருநாள் அவனைக் கெடுத்தது என்று நான் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம். ஆனால் அதுதான் உண்மை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு ஓரமாக நின்றால் போதும், முறை தானாக வரும் என்று அவன் நம்ப ஆரம்பித்தது அன்றைக்குத்தான். நியூயார்க்கில் ஓரமாக நிற்பவனுக்கு முறை வராது. பின்னால் நிற்பவன் இடித்துக்கொண்டு முன்னால் போவான்.

கல்லூரி முடித்து, குவீன்ஸில் நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் உணவகத்தில் முட்டையும் பான்கேக்கும் பரிமாறினான். டிவி போலீஸ் தொடர்களில் மூன்று தடவை பிணமாக நடித்தான். "மூணாவது தடவ என்னைக் கேட்டு வாங்கினாங்க. நான் நல்லா மூச்சடக்குவேனாம்," என்று பெருமையாகச் சொல்வான். பென்சில்வேனியாவில் பனியில் எடுத்த ஒரு சின்னப் படத்தில் கதாநாயகனின் தம்பியாக நடித்தான். நல்ல வேடம். படம் ஒரு வாரம் ஓடியது. அப்பா இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்ப் பார்த்தால், அந்தத் தியேட்டரில் அதற்கு முந்தின நாளே படத்தை எடுத்துவிட்டார்கள். கார்ட்டூன் படம் ஓடிக்கொண்டிருந்தது. டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று அதையே உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாராம்.

அப்படி, மகன் நடித்து ஒரு தடவைகூடப் பார்க்காத அப்பா அவர். இவனும் ஒரு முடிவு எடுத்திருந்தான். பெரிய வேடம் ஒன்று மேடையில் கிடைக்கட்டும், அப்போது அவரைக் கூப்பிடலாம். அதுவரை, "இப்ப வராதீங்கப்பா. நான் சொல்றேன்," என்பதே பதில்.

எங்கள் நாடகம் ஓர் அப்பாவும் இரண்டு மகன்களும் பண்ணை வீட்டை விற்பதைப் பற்றியது. மூத்த மகன் சைலஸ்தான் முக்கிய வேடம். அதை நடித்தவர் பாரெட் லன்ட். எட்டு வருடம் டிவி தொடரில் மருத்துவராக வந்தவர். வாசல் பலகையில் அவர் முகத்தைத்தான் பெரிதாகப் போட்டிருந்தோம். அவரைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது. கார்வின் முதல் காட்சியில் தபால்காரனாக வந்து இரண்டு வசனம் பேசிவிட்டுப் போவான். அதோடு அவன் பாரெட்டின் மாற்று நடிகன். பாரெட்டுக்கு உடம்பு முடியாமல் போனாலோ, வராமல் போனாலோ, சைலஸாக மேடை ஏற வேண்டியவன் இவன். பதினான்கு மாதம் நாடகம் ஓடியது. பாரெட்டுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

மாற்று நடிகர்களுக்கு வியாழக்கிழமை பிற்பகலில் ஒத்திகை. ஒரே ஒரு வெள்ளை விளக்கு, காலி நாற்காலிகள், மற்ற வேடங்களின் வசனத்தைப் படிக்க நான். சாதாரணமாக இது தூக்கம் வருகிற வேலை. பாரெட் எங்கே நிற்பாரோ அங்கே நிற்க வேண்டும், எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொல்ல வேண்டும். கார்வின் அதை அச்சாகச் செய்வான். பாரெட்டின் குரலையே கொண்டுவருவான். கண்ணை மூடிக்கொண்டால் எனக்கே வித்தியாசம் தெரியாது.

ஒரு வியாழக்கிழமை நான் சொன்னேன்: "போதும்டா, அவன் பண்றத நான் வாரத்துக்கு எட்டு தடவ பாக்கறேன். இன்னிக்கு நீ உன் இஷ்டத்துக்குப் பண்ணு. யாரும் இல்ல."

இரண்டாம் பாகத்தில் சைலஸ் அப்பாவுக்கு முதுகைக் காட்டி நின்று ஒன்பது நிமிடம் பேசுவான். பாரெட் அதைக் கத்துவார். கத்தினால் கைதட்டல் விழும். கார்வின் கத்தவில்லை. நாற்காலியில் கிடந்த அப்பாவின் சட்டையை எடுத்து மடித்துக்கொண்டே பேசினான். மடித்தது சரியாக வரவில்லை என்பதுபோல் உதறி, மறுபடி மடித்தான். குரல் ஏறவே இல்லை. கடைசி வரியில் சட்டையை நாற்காலியில் வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் அப்படியே நின்றான். என் கையில் பென்சில் இருந்தது. என்ன எழுத வேண்டும் என்று மறந்துபோனேன். மேலே ஏணியில் விளக்கு மாற்றிக்கொண்டிருந்த ஆள் இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு மறுபடி ஏறிப் போனார்.

அந்த நடிப்பைப் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர்தான்.

அன்றைக்கு என் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "ஏன் எல்லாத்தையும் பென்சில்லயே எழுதறீங்க?"

"மாறக்கூடியத எல்லாம் பென்சில்ல எழுதணும். மாறாதத பேனாவுல எழுதணும். ஸ்டேஜ் மேனேஜருக்கு இதுதான் முதல் பாடம்."

"நல்லா இருக்கே," என்று சிரித்தான்.

எங்கள் தொழிலில் கண்டிப்பான ஒரு வழக்கம் உண்டு. திரை ஏறுவதற்கு அரை மணி முன்னால், பின்வாசல் பலகையில் தொங்கும் தாளில் ஒவ்வொரு நடிகரும் தன் பெயருக்கு எதிரே முதலெழுத்துகளைத் தானே போட வேண்டும். பேனா நூலில் கட்டிப் பக்கத்திலேயே தொங்கும். ஒருவருக்காக இன்னொருவர் போடக்கூடாது. அது எங்களிடம் திருட்டுக்குச் சமம். அரை மணிக்கு எழுத்து இல்லையென்றால் நான் போன் செய்வேன். பதினைந்து நிமிடத்துக்கும் ஆள் இல்லையென்றால் மாற்று நடிகர் உடை மாட்டுவார். பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நிகழ்ச்சிப் புத்தகங்களுக்குள் ஒரு துண்டுச்சீட்டு வைப்போம்: 'இன்றைய காட்சியில் சைலஸாக நடிப்பவர் கார்வின் ஹேடிக்ஸ்.' அந்தச் சீட்டு நானூறு அச்சடித்து என் மேஜை இழுப்பறையில் பதினான்கு மாதம் கிடந்தது.

பாரெட் நல்ல மனுஷன். அதுதான் கஷ்டமே. கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. கார்வின் தங்கியிருந்த அறை கைவிட்டுப் போனபோது மூன்று மாதம் தன் வீட்டு சோபாவில் படுக்க வைத்தார். ஆனால் நேரம் என்பது அவருக்கு வராது. நியூ ஜெர்சியிலிருந்து சுரங்கப்பாதை வழியாக வண்டியில் வருவார். ஏற்கனவே இரண்டு முறை அரை மணியைத் தவறவிட்டிருந்தார். மூன்றாவது முறை நடந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவதாகத் தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்திருந்தார். விவாகரத்தான மனுஷன். அந்த வேலை போனால் மகளை வார இறுதியில் வைத்துக்கொள்கிற உரிமைக்குக் கோர்ட்டில் சிக்கல் வரும் என்று எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை. இரண்டு மணிக் காட்சி. பன்னிரண்டரைக்குப் பின்வாசலில் பழுப்புக் கோட்டு போட்ட ஒருவர், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். நகக்கண்ணில் கிரீஸ் கறை. இன்னொரு கையில் ஒரு தகர டப்பா.

"வெண்டல் ஹேடிக்ஸ், மேடம். கார்வினோட அப்பா. பதினாலு மணி நேரம் பஸ்ல வந்தேன்."

கார்வின் படியிறங்கி ஓடிவந்தான். முகத்தில் சந்தோஷமா பயமா என்று சொல்ல முடியவில்லை.

"நான் கூப்பிடறேன்னு சொன்னேனேப்பா!"

"நீ கூப்பிடறதுக்குள்ள எனக்கு ரிடையர்மென்ட் வந்துருச்சுடா. லீவு மிச்சம் இருந்துச்சு. என்ன வேஷமா இருந்தா என்ன?"

"தபால்காரன்ப்பா. ரெண்டு வசனம்தான்."

"ரெண்டு இருக்கில்ல?" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "இவன் ஒழுங்கா வேல பாக்கறானா மேடம்?" என்று கேட்டார்.

"நேரத்துக்கு வர்றான்," என்றேன். என் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு யாருக்கும் வந்ததில்லை.

"அது எங்க வீட்டுப் பழக்கம்," என்று டப்பாவை என்னிடம் நீட்டினார். கடலை வெண்ணெயை உருட்டி சாக்லேட்டில் முக்கிய உருண்டைகள். ஓஹியோக்காரர்கள் எல்லோரும் செய்வார்கள். எட்டாவது வரிசையில் நடு இருக்கையை அவருக்குக் கொடுக்கச் சொன்னேன்.

ஒன்றரை மணி. தாளைப் பார்க்கப் போனேன். எல்லோர் எழுத்தும் இருந்தது. பாரெட் லன்ட் பெயருக்கு எதிரே 'பி. எல்.' என்று இருந்தது. பென்சிலில்.

பாரெட் பேனாவில் அரைத் தாள் அளவுக்குச் சுழித்துத்தான் போடுவார். இது சின்னதாக, ஒழுங்காக, எல் எழுத்தின் கால் லேசாக மேலே வளைந்து இருந்தது. அந்த வளைவு எனக்குத் தெரியும். இரண்டு வரி கீழே கார்வினின் 'சி. எச்.'சில், எச் எழுத்தின் காலிலும் அதே வளைவு, பேனாவில். யார் போட்டது, எதற்காகப் போட்டது என்பதெல்லாம் ஒரு நொடியில் புரிந்துவிட்டது. பாரெட் சுரங்கப்பாதையில் மாட்டிக்கொண்டிருக்கிறார். கார்வினுக்கு போன் செய்து கெஞ்சியிருக்கிறார்.

எனக்கு நிறைய நேரம் இருந்தது. பேனாவை எடுத்து அந்த இரண்டு எழுத்தை அடித்திருந்தால் போதும். இழுப்பறையைத் திறந்து சீட்டுகளை எடுத்துக் கொடுத்திருந்தால் போதும்.

நான் ஏன் செய்யவில்லை? அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் நியாயமாகவே இருந்தன. அடித்தால் பாரெட்டின் வேலை போகும். பொய்யாகப் போட்டதற்காகக் கார்வின் பெயரும் கெடும். இரண்டு பேரையும் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் உண்மையான காரணம் அதைவிடச் சின்னது. அன்றைக்கு மூன்று பேருந்து நிறைய சர்ச் பெண்கள் டிவி மருத்துவரைப் பார்க்க வந்திருந்தார்கள். சீட்டைப் படித்ததும் அரங்கம் முழுக்க ஒரு "அடடா" எழும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது. தயாரிப்பாளர் போன் செய்வார். அறிக்கை எழுத வேண்டும். எனக்கு அறுபது வயது. ஒரு புதன்கிழமை சத்தமில்லாமல் கழிந்தால் தேவலை என்று இருந்தது. அவ்வளவுதான்.

ஒன்றே முக்காலுக்கு ஒப்பனை அறைகளின் வழியாக நடந்து, கதவு கதவாகத் தட்டி, "பதினஞ்சு நிமிஷம்!" என்று கூவினேன். கேட்டதற்கு அடையாளமாக உள்ளேயிருந்து அதையே திருப்பிச் சொல்வது எங்கள் வழக்கம். பாரெட்டின் கதவையும் தட்டினேன்.

"தேங்க் யூ, பதினஞ்சு!" என்று பாரெட்டின் குரல் வந்தது.

அதே தொண்டை, அதே இழுப்பு. ஆனால் பாரெட் ஒருநாளும் ஒரே தட்டுக்குப் பதில் சொன்னவரில்லை. கதவின் இந்தப் பக்கம் நின்றேன். கைப்பிடி என் இடுப்புக்கு நேராக இருந்தது. இரண்டு மூச்சு விட்டேன். அடுத்த கதவுக்குப் போய்விட்டேன்.

திரை ஏற நான்கு நிமிடம் இருக்கும்போது, குப்பைத்தொட்டிகள் வைக்கிற சந்து வழியாக பாரெட் ஓடிவந்தார். கோட்டைக் கழற்றிக்கொண்டே, "பாஸ், மன்னிச்சுக்கோ, இங்கதான் இருந்தேன், காத்து வாங்கப் போனேன்," என்று மூச்சு வாங்கினார். மூன்று நிமிடம் தாமதமாகத் திரையை ஏற்றினேன். அறிக்கையில் எழுதினேன்: 'தாமதம்: மூன்று நிமிடம். பெண்கள் கழிப்பறையில் வரிசை. நடிகர்களில் தாமதமாக வந்தவர்: யாரும் இல்லை.' பேனாவில் எழுதினேன்.

கார்வின் தபால்காரனாக வந்தான். "பதிவுத் தபால், இங்க கையெழுத்துப் போடுங்க," என்றான். "நாய் கடிக்காதுல்ல?" என்றான். போனான். சர்ச் பெண்கள் சிரித்தார்கள். எட்டாவது வரிசையில் ஓர் ஆள் மட்டும் தனியாகக் கைதட்டினார், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும்வரை. இரண்டாம் பாகத்தில் பாரெட் அந்த ஒன்பது நிமிடத்தையும் கத்தினார். அவசரத்தில் நான்கு வரிகளை விழுங்கினார். மேடையின் பக்கவாட்டு இருட்டில் கார்வின் நின்றுகொண்டிருந்தான். விட்டுப்போன நான்கு வரிகளுக்கும் அவன் உதடு அசைந்ததை நான் பார்த்தேன்.

காட்சி முடிந்து அப்பாவும் பிள்ளையும் பின்வாசலில் நின்றார்கள். நான் தாளைக் கழற்றுகிற சாக்கில் பக்கத்திலேயே இருந்தேன்.

"அந்த மூத்த மகன் நல்லா பண்ணான்டா," என்றார் வெண்டல். "உனக்கு அவன் பேசறதெல்லாம் தெரியும்னு சொன்னியே?"

"தெரியும்ப்பா."

"அவன மாதிரி உனக்கும் வருமா?"

கார்வின் ஷூவைப் பார்த்தான். "அவர் அளவுக்கு வராதுப்பா," என்றான்.

"அதனாலென்ன. தபால்காரன நல்லாத்தான் பண்ண. நெஜமான தபால்காரன் மாதிரியே இருந்துச்சு." தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அன்று மாலைப் பேருந்துக்கே கிளம்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து நாடகம் முடிந்தது. கார்வின் ஒருநாளும் சைலஸாக மேடை ஏறவில்லை.

பாரெட் நன்றி மறக்கவில்லை. ஜார்ஜியாவில் எடுத்த ஒரு படத்துக்கு இவனையும் கூட்டிக்கொண்டு போனார். வேலை என்ன தெரியுமா? பாரெட்டின் முகத்தைக் கேமரா நெருங்கிப் பிடிக்கும்போது, எதிரே நின்று மற்றவரின் வசனத்தைப் படிப்பது. எதிரில் நிற்பவன் உயிரைக் கொடுத்துப் பேசினால்தான் கேமராவில் இருப்பவன் கண்ணில் தண்ணீர் வரும். கார்வின் உயிரைக் கொடுத்தான். படம் வந்தபோது பாரெட்டின் கண்ணீரை எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த படத்தில் இவனுக்கே ஐந்து காட்சிகள் கிடைத்தன. வெட்டி ஒட்டியபின் பதினொரு விநாடி மிஞ்சியது. அதில் பாதி முதுகு. இந்தத் தடவையும் அப்பாவிடம் பாக்கப் போகாதீங்க என்றுதான் சொன்னானாம்.

முப்பத்திரண்டு வயதில் ஊருக்குத் திரும்பினான். வெண்டலுக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று போனவன், திரும்பி வரவில்லை. அப்பா பழுது பார்த்த அதே பள்ளிப் பேருந்துகளில் ஒன்றை இப்போது ஓட்டுகிறான். நல்ல வேலைதான். அதில் ஒரு குறையும் இல்லை. என் குறையெல்லாம் வேறு.

நான் ஓய்வு பெற்றபின் போன நவம்பரில் வீட்டில் பெட்டிகளை ஒழித்தேன். அந்த நாடகத்தின் பெட்டியில் கையெழுத்துத் தாள்கள் இருந்தன. அந்தப் புதன்கிழமைத் தாளும் இருந்தது. அடியில், ரப்பர் பேண்ட் போட்டபடி, நானூறு துண்டுச்சீட்டு. ஒன்றுகூடக் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனுக்கு போன் செய்தேன்.

"ஆர்லீனா?" குரல் கொஞ்சம் கனத்திருந்தது. "யாரையாவது திட்டணுமா? ஆள் கிடைக்கலையா?"

"என்னையே திட்டிக்கலாம்னு பாத்தேன்," என்றேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. தாளைப் பற்றிச் சொன்னேன். எழுத்து அவனுடையது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

பின்னால் டிவியில் ஏதோ விளையாட்டு ஓடியது.

"தெரிஞ்சிருக்கும்னு எனக்கும் தெரியும்," என்றான். "அதுக்குத்தான பென்சில்ல எழுதினேன்."

நான் தாளை எடுத்து அந்த இரண்டு எழுத்தை மறுபடி பார்த்தேன்.

"பாரெட் போன்ல அழுதாரு, ஆர்லீன். முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவர் சோபாவுல படுத்தவன் நான். அவர் வராம இருக்கணும்னு நினைக்கிற மாற்று நடிகன்னு பேர் வாங்கவும் பயம். அதனால போட்டுட்டேன். ஆனா பேனா அங்கதான தொங்குச்சு? உங்க மேஜையில இருந்து பென்சில எடுத்துட்டுப் போய்ப் போட்டேன். நீங்க பாப்பீங்க, அடிச்சிடுவீங்கன்னு நினைச்சேன். என் வேலைய நான் செஞ்சாச்சு, உங்க வேலைய நீங்க செய்வீங்கன்னு."

"உன்னையும் சேர்த்துத் திட்டியிருப்பாங்களே?"

"திட்டுதான? வாங்கிக்கிட்டு மேடையேறியிருப்பேன்."

"அப்ப பாரெட் குரல்ல பதில் சொன்னியே?"

"கதவ நான் தாழ் போடல," என்றான். கோபமே இல்லாமல் சொன்னான்; அதுதான் தாங்க முடியவில்லை. "நீங்க திறப்பீங்கன்னுதான் உக்காந்திருந்தேன். சைலஸோட சட்டைய மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க கதவுக்கிட்ட நின்னது எனக்குக் கேட்டுது."

அழுதேன். நான் அழுது அவன் கேட்டதில்லை. யாருமே கேட்டதில்லை. "விடுங்க, ஆர்லீன். நானும் எழுந்து வந்து கதவத் திறந்திருக்கலாம்ல," என்றான். அது நிஜம்தான். இருந்தாலும், அவனுக்கு எழுந்து வரத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடுத்த கதவுக்குப் போனேன்.

"அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"நல்லாருக்காரு. பக்கத்து ரூம்ல மேட்ச் பாக்கறாரு. இப்பவும் யாராவது வந்தா தபால்காரன் கதையச் சொல்லுவாரு. 'நாய் கடிக்காதுல்ல'ன்னு என்னை மாதிரியே சொல்லிக் காட்டுவாரு."

"அந்தச் சீட்டெல்லாம் எங்கிட்டயே இருக்கு கார்வின். சைலஸுக்கு உன் பேர் போட்டது. ஒண்ணு அனுப்பட்டுமா? ஞாபகத்துக்கு?"

பக்கத்து அறையில் டிவி சத்தம் குறைந்தது. "யார்ரா போன்ல?" என்று வெண்டலின் குரல் கேட்டது. "பழைய மேனேஜர்ப்பா," என்று இவன் சொன்னான். பிறகு வாயை போனுக்குக் கிட்டே கொண்டுவந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வேண்டாம், ஆர்லீன். அனுப்பாதீங்க. அதுல இன்றைய காட்சின்னு போட்டிருக்கு. அப்பா பாத்தா, இது எந்த நாளுன்னு கேப்பாரு."